கோழித் தொடையில் தொடங்குங்கள்: உறுப்பு மாற்று ஆய்வுகூடப் பயிற்சி, கேள்வி பதில்

வெளிநாட்டில் உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை ஃபெலோஷிப் (மேற்பயிற்சி) முடித்து மட்டக்களப்புக்குத் திரும்பியவன் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஏறாவூர் மாணவி: சேர், எலியில் சிறுநீரகம் மாற்றும் பயிற்சிக்கு இங்கிருந்தே எப்படித் தயாராவது?

எலிக்கு அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. சந்தையில் ஒரு கோழித் தொடை வாங்குங்கள். தசைகளுக்கிடையில் ஓடும் நாடியைப் பிரித்து, வெட்டி, திரும்பத் தையுங்கள். முதலில் 8-0 நூல், கை பழகியதும் 10-0 (எண் கூடக்கூட நூல் மெல்லியது). 10-0 தலைமயிரை விட மெல்லியது, மூச்சுப் பட்டாலே விலகும். முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் கவ்விவிடும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே வழி அடைபட்டிருக்கும். அதனால் தைத்த இடத்தை நீளவாக்கில் வெட்டி உட்புறத்தைப் பாருங்கள். முதல் இரண்டு கிழமையும் எனக்கு அடைபட்டதுதான் அதிகம். 1902இல் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்சிஸ் கரெல் காட்டிய மூன்று மூலைத் தையல் இதற்கு உதவும். வட்டத்தை முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் பின்சுவர் விலகி நிற்கும்.

கிளாம்ப் (நாடியை அழுத்தி இரத்த ஓட்டத்தை நிறுத்தும் கவ்வி) போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள், கோழியிலும். எலிக்குப் போன பிறகு சிறுநீரகம் கறுத்தால், கெடுத்தது தையலா தாமதமா என்று அந்தக் குறிப்புத்தான் சொல்லும்.

கல்முனை ரெஜிஸ்ட்ரார்: ஆய்வுக் காலத்தில் எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும்?

எண்ணிக்கையை உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: வீடியோ, சிமுலேட்டர் எல்லாம் இருக்க, எலியைக் கொல்வது பாவமில்லையா?

நியாயமான கேள்வி. விலங்குப் பரிசோதனை நெறி பற்றி 1959இல் ரஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது இதுதான்: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் எண்ணிக்கையைக் குறை, நோவைத் தணி. கோழித் தொடையை முதலில் சொன்னதும் அதனால்தான்.

களுவாஞ்சிக்குடி தாதி: மனுசர் உயிரை விட எலி பெரிதா?

அப்படி ஒரே வரியில் முடிக்காதீங்க அக்கா. 1954 டிசம்பரில் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே சிறுநீரகம் மாற்றிய ஜோசப் மரே, முன்னரே நாய்களில் அதைச் செய்து பார்த்தவர். அந்தக் கடன் நமக்கு உண்டு.

அக்கரைப்பற்று வாசகர்: கடன் என்று சொன்னால் தீர்ந்துவிடுமா?

தீராது தம்பி. மயக்க மருந்து சரியாகப் பிடிக்காத எலியில் கத்தி வைத்த ஒருவரை நான் ஆய்வுகூடத்திலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு எலியும் தொடக்கூடாது. இரத்தம் ஓடும் நாடியில் கசிவை நிறுத்துவதைச் சிமுலேட்டர் முழுதாகக் கற்றுத் தராது. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

வாழைச்சேனை மாணவர்: எலிப் பயிற்சிக்கு எப்படித் தயாராவது?

இதே கேள்வி நாலாவது தடவை. முதல் பதிலைப் படியுங்கள். நேரத்தை எழுதுங்கள்.

செங்கலடி மாணவி: எடுத்த சிறுநீரகத்தை ஐசில் போடலாமா?

நேரே போடக்கூடாது, ஐஸ் பட்ட இடம் உறைந்து செத்துவிடும். குளிர்ந்த பாதுகாப்புக் கரைசல் நிறைத்த பையில் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, அப்புறம்தான் ஐஸ். வெளிப் பையில் கிளாம்ப் போட்ட நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள்.