சாவியைத் தேடியே காலை போகிறது

கேள்வி: எனக்கு வயது 34. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறேன். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறு இருப்பதாக மனநல மருத்துவர் சொல்லி, மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனாலும் தினமும் சாவியைத் தேடுகிறேன். கரன்ட் பில் கட்ட மறக்கிறேன். ‘பொறுப்பே இல்லை’ என்கிறார் மனைவி. என்ன செய்வது?

பதில்: பொறுப்பு இல்லாதவர் இப்படி எழுதிக் கேட்க மாட்டார். என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வராது. சிக்கலே அதுதான். மாத்திரை கவனத்தை ஓரிடத்தில் நிலைநிறுத்த உதவும், சாவி எங்கே என்று சொல்லாது. அதனால் ‘ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்’ என்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கண்ணில் படும்படி வையுங்கள்.

வாசல் கதவருகே ஓர் ஆணி அடியுங்கள். செருப்பைக் கழற்றியதும் சாவி, ஐடி கார்டு இரண்டும் அங்கே தொங்க வேண்டும். டிராயர் வேண்டாம், மூடினால் பொருளே இல்லாத மாதிரிதான். ஃப்ரிட்ஜிலிருக்கும் டிபன் பாக்ஸை மறக்கிறீர்களா? வண்டிச் சாவியை மட்டும் அதன்மேல் வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பழக்கத்தில் நிற்பதில்லை. மெசேஜ் வந்ததும் நின்ற இடத்திலேயே கட்டிவிடுங்கள். ‘சாயந்திரம் பார்க்கலாம்’ என்றால் போச்சு.

அப்புறம், நேரம். ‘பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன்’ என்று தோன்றும். குளியல் முதல் ஷூ மாட்டுவது வரை ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். பலருக்கு அது நாற்பதைத் தொடும். கம்பெனி பஸ் 8.15க்கு என்றால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ‘குளி’, ‘ஷூ போடு’ என்று பெயர் வைத்து அலாரங்கள் வையுங்கள். பழகியதும் காது அதைக் கண்டுகொள்ளாது. அப்போது டோனை மாற்ற வேண்டியதுதான்.

தள்ளிப்போடும் வேலைகளைச் செய்யும்போது மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் உதவவும் வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். தன் வேலையைப் பார்த்தால் போதும். துணைக்கு ஆள் இருந்தால் பலருக்குக் கை ஓடுகிறது.

சில மாத்திரைகளைத் தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும். கூடவே காபியும் அதிகமானால் படபடப்பு வரலாம். டோஸை நீங்களாக மாற்றாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் மனைவியையும் அழைத்துப் போங்கள். ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். பள்ளியில் எத்தனை குடை தொலைத்தீர்கள் என்று உங்கள் அம்மா மனைவியிடம் சொல்லட்டும்.