பென்னாகரத்து ஓட்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. வேலை ஓசூரில், ஓட்டு பென்னாகரத்தில். நான் தன்பாலீர்ப்பாளன், வீட்டில் தெரியாது. தாத்தா வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த 1987 சாலை மறியலில் நின்றவர். கட்சி தொடங்கிய நாள் முதல் எங்கள் வீட்டு ஓட்டு பாமகவுக்குத்தான். 2024இல் நானும் அதற்கே போட்டேன். பெங்களூரு நண்பர்களிடம் சொன்னபோது, "காதல் கல்யாணத்தையே எதிர்க்கிற கட்சிக்கு நீ ஓட்டுப் போடலாமா? துரோகி" என்றார்கள். நான் செய்தது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

துரோகி என்பதெல்லாம் ரொம்ப அதிகம். தன்பாலீர்ப்பாளராகப் பிறந்ததற்காக நீங்கள் எந்தக் கட்சிக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லையே.

தன்பாலீர்ப்பாளர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்ற கேள்வியை நம் ஊர்த் தேர்தல் கணிப்புகள் எதிலும் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் கேட்கிறார்கள். 2004இல் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றார் புஷ். தேர்தலன்றே 11 மாநிலங்களில் அந்தத் தடை வாக்கெடுப்பில் ஜெயித்தது. அப்படியும் தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னவர்களில் சுமார் 23 சதவீதம் பேர் புஷ்ஷுக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. ஆனால் அவர் கட்சிக்குள்ளேயே இயங்கிய தன்பாலீர்ப்பாளர் அமைப்பான லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ், இந்த முறை அவருக்கு ஆதரவில்லை என்று அறிவித்தது. கட்சியை விட்டுப் போகவில்லை, வேட்பாளரைக் கைவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இவர்களைத்தான்.

உங்கள் கட்சி விஷயம் இன்னும் சிக்கல். 2008 ஆகஸ்டில் மெக்சிகோவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு போக வேண்டும் என்று பேசிய மத்திய அமைச்சர் யார் தெரியுமா? பின்னாளில் உங்கள் எம்.பி.யான அன்புமணி ராமதாஸ். அவர் இருந்த அதே காங்கிரஸ் கூட்டணி அரசு, டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்தப் பிரிவைக் காப்பாற்ற வாதாடிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு வந்து சேர 2018 ஆனது. உங்கள் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்காது. (தெரிந்தாலும் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.)

இதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். 2012 நவம்பரில் தலித் மக்கள் வாழ்ந்த நத்தம் காலனி எரிந்தது உங்கள் மாவட்டத்தில்தான், ஒரு பெண் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. அதன் பிறகு ஊர் ஊராகப் போய் அப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு எதிராகப் பேசியவர் கட்சியின் நிறுவனர். 377 போய்விட்டது, போலீஸ் பயம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் பென்னாகரத்தில் உங்களுக்குப் பயம் போலீஸைப் பார்த்தா? வீட்டையும் சொந்தக்காரர்களையும் பார்த்துத்தானே? யாரோடு வாழ்வது என்பதை ஊரும் சாதியும்தான் முடிவு செய்யும் என்ற நிலை மாறாதவரை, டெல்லியில் எந்தத் தீர்ப்பு வந்தாலும் அது உங்கள் வீட்டு வாசல்வரைக்கும்தான் வரும். 2023இல் ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்றுவிட்டது. ஆக, எல்லாம் ஓட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் தாத்தாவின் விசுவாசத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மறியலில் நின்றார், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. (கொடுத்தது கருணாநிதி அரசு, ஓட்டு மட்டும் பாமகவுக்கு!) நீங்கள் அதே கட்சிக்குப் போட்டது தப்பில்லை. எதையும் கேட்காமல் போட்டதுதான் எனக்கு இடிக்கிறது. தருமபுரியில் 2024இல் வெற்றி தோல்விக்கு நடுவே இருந்தது சுமார் 21 ஆயிரம் ஓட்டு. அப்படிப்பட்ட தொகுதியில் கேட்டால் காதில் விழும். அடுத்த முறை தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், சாதி மாறிக் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு தருவீர்கள் என்று கேளுங்கள். மற்ற கட்சிக்காரர்களையும் விடாதீர்கள். அதைக் கேட்க நீங்கள் யார் என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை.