கால் எலும்புல தாடை வச்சா அப்பா நடப்பாரா?

கேள்வி: எங்கப்பாவுக்கு 56 வயசு, ரொம்ப வருஷமா புகையிலை போடுவார். கீழ்த்தாடையில புத்துநோய்க் கட்டி, எலும்போட சேர்த்து எடுத்துட்டு கால் எலும்பை வச்சு புதுத் தாடை பண்ணணும்னு சொல்றாங்க. "இருக்குற நோய் பத்தாதா, காலையும் நொண்டியாக்கணுமா, கட்டிய மட்டும் எடுத்து விட்ருங்க"ன்னு அப்பா பிடிவாதமா இருக்கார். என்ன சொல்லி சம்மதிக்க வைக்கிறது டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பா நடப்பாரும்மா, அதை முதல்ல சொல்லுங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு, உடம்பு பாரத்தை பெரும்பாலும் தாங்குறது முன்னாடி இருக்குற பெரிய எலும்புதான். எடுக்கப்போறது வெளிப்பக்கம் மெல்லிசா இருக்குற ஃபிபுலா, அதுலயும் கணுக்கால்கிட்டயும் முழங்கால்கிட்டயும் கொஞ்சம் விட்டுட்டு நடுப்பகுதிய மட்டும் எடுப்பாங்க. கொஞ்ச நாள் வலி இருக்கும், கால் கட்டைவிரல் மடக்க சிலருக்கு சிரமமா இருக்கும், ஆனா பெரும்பாலானவங்க பழையபடி நடக்குறாங்க.

எலும்பை எடுத்துட்டு அப்படியே விட்டா என்ன ஆகும்னும் அவருக்குத் தெரியணும். மோவாய்ப் பகுதி போனா நாக்குக்கு முன்னாடி பிடிமானம் இருக்காது, பின்னால சரிஞ்சு மூச்சுக்கே கஷ்டம், எச்சில் ஒழுகும், சாப்பாடு பெரும்பாடு. ஓரத்துல மட்டும்னா தாடை ஒரு பக்கமா இழுத்துக்கும். ரொம்ப வயசானவங்களுக்கு ஓரத்துல மட்டும் எடுத்தா எலும்பு வைக்காம வெறும் சதை வச்சு மூடுறதும் உண்டு, ஆனா 56 வயசுக்கு எலும்பு வைக்கிறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

1989ல நியூயார்க்ல டேவிட் ஹிடால்கோங்கிற டாக்டர் ஃபிபுலாவை வெட்டி வளைச்சு தாடை பண்றதை எழுதினதுலேர்ந்து உலகம் பூரா இதுதான் பழக்கத்துல இருக்கு. செடியை வேர் மண்ணோட பேர்த்து நடுற மாதிரி, எலும்பை அதோட ரத்தக்குழாயோட எடுத்து, கழுத்துல இருக்குற குழாயோட மைக்ரோஸ்கோப்ல பார்த்து தைப்பாங்க, அந்தக் குழாய் வெறும் 2-3 மில்லிமீட்டர்தான். அதனாலதான் முதல் 2-3 நாள் ராத்திரி பகல்னு பார்க்காம நர்ஸ் வந்து ஒட்டுன இடத்தோட நிறம், சூடு எல்லாம் பார்த்துட்டே இருப்பாங்க, ரத்தம் உறைஞ்சா உடனே திரும்ப தியேட்டர். பயந்துடாதீங்க, அனுபவமுள்ள இடங்கள்ல 100க்கு 95 பேருக்கு நல்லாவே ஒட்டுது.

ஆபரேஷனுக்கு முன்னாடி கால் ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளுங்க. புகையிலை, பீடி எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்தணும், இதுல விட்டுக்கொடுக்காதீங்க. மூக்கு வழி டியூப்ல சாப்பாடு, மூச்சு விட கொஞ்ச நாள் தொண்டையில ஓட்டை, அப்புறம் விழுங்கவும் பேசவும் பயிற்சி, இதெல்லாம் வரும். ரேடியேஷன் தேவைன்னா வழக்கமா ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சுடணும், பல்லு கட்டுறது வழக்கமா அதுக்கப்புறம்தான்.

இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட யாராவது செக்கப்புக்கு வர்ற நாள்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போங்கம்மா, உங்க டாக்டர்கிட்ட கேட்டா ஏற்பாடு பண்ணுவார்.