சிறிய ஊர் நூலகத்தில் தேடும் புத்தகம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகம் சிறியது. தேடிப் போகும் புத்தகம் அலமாரியில் இருப்பதில்லை. இருந்தாலும் சிலவற்றை ‘வெளியே தர மாட்டோம்’ என்கிறார்கள். இந்த விதிகளுக்கு என்ன காரணம்? இப்படிப்பட்ட நூலகத்தை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி?

பதில்:

இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான்: ஒற்றைப் பிரதி. சிறிய நூலகம் ஒரு தலைப்புக்குப் பெரும்பாலும் ஒரு பிரதிதான் வாங்கும். இரவல் காலம் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தவணை நாளில் சரியாகத் திருப்பினாலும் ஓர் ஆண்டில் 26 பேருக்குத்தான் அது கிடைக்கும். ஆளுக்கொரு முறை புதுப்பித்தால் 13 பேர். இடையில் ஒருவர் மூன்று மாதம் வைத்துக்கொண்டால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். விதிகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

முதலில் அலமாரி. பெரும்பாலான பொது நூலகங்கள் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் பொருள்வாரி எண் அதுதான். அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். புள்ளிக்குப் பின் வரும் எண்களைத் தசமமாகப் படிக்க வேண்டும். 641.5க்குப் பிறகு 641.563, அதற்கும் பிறகுதான் 641.8. ஐந்நூற்று அறுபத்து மூன்று எட்டைவிடப் பெரிது என்று நினைத்து வரிசையின் கடைசியில் தேடுபவர்கள் பலர்; புத்தகம் நடுவில் இருக்கும்.

ஒரே விஷயம் பல இடங்களில் சிதறிக் கிடப்பது இன்னொரு சிக்கல். உடல்நலம் பேணுவது 613, நோய்கள் 616, குழந்தை வளர்ப்பு 649. இந்திய வரலாறு 954இல் இருக்க, இந்தியப் பயண நூல்கள் 915.4இல் உட்கார்ந்திருக்கும். கணினி நூல்கள் 004 முதல் 006 வரை, அதாவது முதல் அலமாரியில். மின்னணுவியலோ 621.38. தமிழ் இலக்கியம் 894.811, அதோடு 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. சிறிய நூலகங்கள் பல, நாவல்களுக்கு எண்ணே போடாமல் ஆசிரியர் பெயர் வரிசையில் தனியாக வைத்துவிடும். முதுகில் எண்ணுக்குப் பதில் எழுத்தில் தொடங்கும் குறியீடு இருந்தால் அது இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பாக (1933) இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன எண்கள் உதவாது. அலமாரி விளக்கப் பலகையைப் பாருங்கள்.

பட்டியலில் ‘இருப்பில் உள்ளது’ என்று காட்டுகிறது, அலமாரியில் இல்லை. அப்போது தேட வேண்டிய வரிசை: திரும்பி வந்த புத்தகங்கள் கிடக்கும் தள்ளுவண்டி, வாசிப்பு மேசைகள், அதே எண்ணுக்கு மேல்தட்டும் கீழ்த்தட்டும், புதுவரவு அடுக்கு, உயரமான புத்தகங்களுக்கான தனித் தட்டு, சிறுவர் பகுதி, கடைசியாகப் பைண்டிங்குக்குப் போகக் காத்திருக்கும் கட்டு. இவற்றிலும் இல்லை என்றால் எண் இடம் மாறியிருக்கும்: 631 என்பது 613இல் போய் நிற்கும். அதனால்தான் எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே திருப்பிச் செருகாமல் மேசையில் விட்டுவிடச் சொல்கிறார்கள். தவறான இடத்தில் செருகிய புத்தகம் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை தொலைந்த புத்தகம்தான்.

கணினிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் படுத்தும் பாடு தனி. தலைப்பெழுத்தை ஒரு பதிவில் முன்னால் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் பின்னால். பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து ஏற்றப்பட்டிருக்கும். ழகரத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். முழுத் தலைப்பையும் தட்டாமல் அதில் அபூர்வமான ஒரே ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வைத்துத் தேடினால், 2007க்கு முந்தைய பதிப்புகளுக்கு 10 இலக்கம், பிந்தையவற்றுக்கு 13 என்பது நினைவிருக்கட்டும். 10 இலக்க எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறும்.

இனி இரவல். உறுப்பினராகும்போது முகவரிச் சான்றும், காப்புத்தொகையோ பிணையாள் கையெழுத்தோ கேட்பார்கள். காப்புத்தொகை திரும்ப வரும் தொகையா என்று அன்றே கேட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாமல் பின்னால் வாங்குவது பெரும்பாடு.

கணினி இல்லாத நூலகங்களில் இன்றும் பிரௌன் முறை நடக்கிறது. எத்தனை புத்தகம் எடுக்க அனுமதியோ அத்தனை சிறு பை போன்ற டிக்கெட்டுகள் உங்களுக்குத் தரப்படும். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு புத்தக அட்டை இருக்கும். புத்தகம் எடுக்கும்போது அந்த அட்டையை உங்கள் டிக்கெட்டுக்குள் செருகி, தவணைத் தேதிப்படி தட்டில் அடுக்கிவிடுவார்கள். இந்த அடுக்கைத் தெரிந்துகொள்வது முக்கியம். உங்கள் பெயரைச் சொன்னால் அவர்களால் எதையும் எடுக்க முடியாது, ஏனென்றால் தட்டு பெயர் வரிசையில் இல்லை. தொலைபேசியில் புதுப்பிக்கக் கேட்டால் தேதிச் சீட்டில் உள்ள தவணைத் தேதியையும் புத்தகத்தின் சேர்க்கை எண்ணையும் (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்) சொல்லுங்கள். அரை நிமிடத்தில் முடியும். திருப்பும்போது டிக்கெட்டைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். அதுதான் உங்கள் ரசீது. கூட்ட நேரத்தில் ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்று சொன்னால்கூட நின்று வாங்குங்கள். கணினி உள்ள இடத்தில், உங்கள் கணக்கிலிருந்து புத்தகம் நீங்கியதைத் திரையில் பார்த்துக்கொண்டால் போதும்.

புதுப்பிப்பு பொதுவாக ஒன்றிரண்டு முறைதான். யாராவது முன்பதிவு செய்திருந்தால் அதுவும் கிடையாது. தவணை முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் பல இடங்களில் முதலில் அபராதம், பிறகுதான் புதுப்பிப்பு. அபராதம் ஏறிவிட்டதே என்று கூச்சப்பட்டு நூலகத்துக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. ஆளும் வருவதில்லை, புத்தகமும் வருவதில்லை. என் பார்வையில் தாமத அபராதத்தின் பெரிய தோல்வி இதுதான். அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் இத்தகைய அபராதங்களைச் சமத்துவத்துக்குத் தடை என்று தீர்மானம் போட்டது. சிகாகோ பொது நூலகம் அதே ஆண்டில் அவற்றை நீக்கியது. ஆனால் அபராதம் நீக்கப்பட்ட இடத்திலும் தொலைத்த புத்தகத்துக்கு ஈடு கட்டத்தான் வேண்டும்.

வெளியே தராதவை எவை? அகராதி, கலைக்களஞ்சியம், நிலவரைபடத் தொகுப்பு, ஆண்டு மலர்கள், இதழ்களின் அண்மை வெளியீடு. பலர் வந்து ஐந்து நிமிடம் புரட்டிவிட்டுப் போகும் பொருள்கள் இவை. ஒருவர் வீட்டில் இரண்டு வாரம் சும்மா கிடந்தால் மற்ற எல்லாருக்கும் நட்டம். ஊர் வரலாறு, பழைய மலர்கள் விஷயம் வேறு: போனால் திரும்ப வாங்கவே முடியாது. ஆனாலும் கேட்டுப் பார்க்க வழிகள் உண்டு. புதிய பதிப்பு வந்ததும் அகராதியின் பழைய பதிப்பை இரவலுக்கு மாற்றும் நூலகங்கள் இருக்கின்றன. மூடும் நேரத்தில் கொடுத்து மறுநாள் திறக்கும்போது வாங்கிக்கொள்ளும் ஓரிரவு இரவலும் சில இடங்களில் உண்டு.

கிழிந்த பக்கத்தை நீங்களே செல்லோ டேப் போட்டு ஒட்டிக் கொடுப்பது உபகாரம் இல்லை. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்த துண்டைப் பக்கத்துக்குள் வைத்துச் சொல்லிவிடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் வளைந்து முறுக்கிக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் வைத்து, இடையிடையே உறிஞ்சும் தாள் செருகி, உடனே தெரிவியுங்கள். 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம், அது பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். தொலைத்துவிட்டால் அவசரப்பட்டு வேறு பிரதி வாங்காமல் எந்தப் பதிப்பை ஏற்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வாசகர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று: கழிவு செய்தல். இடம் குறைவான நூலகம் ஆண்டுதோறும் சில புத்தகங்களை வெளியேற்றியே ஆக வேண்டும். 1976இல் டெக்சாஸில் உருவான ‘க்ரூ’ என்ற கையேடு பல நூலகங்களுக்கு வழிகாட்டி. கணினி நூல் என்றால் யார் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்று ஆண்டில் வெளியேற்றலாம் என்கிறது அது. பல துறைகளில் வெளியான ஆண்டோடு, கடைசியாக எப்போது இரவல் போனது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த பழைய புத்தகம் அங்கே நீடிக்க வேண்டுமென்றால், உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து போகாமல் அவ்வப்போது இரவல் எடுங்கள். தேதிச் சீட்டில் விழும் முத்திரைதான் அதற்குச் சாட்சி.

இல்லாத புத்தகத்தைக் கேட்கும்போது ‘நல்ல தோட்டக்கலைப் புத்தகம் வாங்குங்கள்’ என்று எழுதினால் அது பரிந்துரைப் பதிவேட்டிலேயே தூங்கும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன் ஐந்தையும் எழுதி, கொள்முதல் பட்டியல் எந்த மாதத்தில் தயாராகும் என்று கேட்டு அதற்கு முன்பே கொடுங்கள். அச்சில் இல்லாத நூல் என்றால் நூலகங்களுக்கிடையேயான இரவல் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் தவணைத் தேதியை நிர்ணயிப்பது புத்தகத்தை அனுப்பும் நூலகம். உங்கள் நூலகத்தின் வழக்கமான புதுப்பிப்பு அதற்குச் செல்லாது.