கணினி கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள், அம்மா

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகளை, ஒன்றரை லட்சம் கடன் வாங்கியாவது டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கச் சொல்லி அவள் சித்தப்பா நெருக்குகிறார். அவளோ லேபை விட்டு வரமாட்டேன் என்கிறாள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடன் வேண்டாம். பிடிக்காத படிப்பைப் பாதியில் விட்டால், வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

எம்.எஸ்சி., பி.எட். பற்றி உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத வழி, தொழிற்சாலை ரசாயனப் பாதுகாப்பு. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ரசாயனத்தின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். அந்த விவரம் இருப்பது எஸ்.டி.எஸ். எனும் 16 பிரிவுள்ள பாதுகாப்புத் தரவுத் தாளில். அதை வாங்கிக் கோப்பில் போட யாராலும் முடியும். படித்துச் சொல்ல உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு பெயின்ட் ரிமூவர் டின்னுக்கு எஸ்.டி.எஸ். வேண்டும். வணிகப் பெயரை மட்டும் இணையத்தில் தேடினால் வேறு கம்பெனியின் கலவைக்கான தாள் வந்து நிற்கும். லேபிளில் உள்ள தயாரிப்பாளர் பெயர், பொருள் குறியீடு இரண்டையும் சொல்லி சப்ளையரிடமே கேட்க வேண்டும். வந்ததும் திருத்திய தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு 3ஆம் பிரிவில், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாளமான சி.ஏ.எஸ். எண்: 75-09-2 என்றால் பெயின்டை நீக்கும் டைகுளோரோமீத்தேன் திரவம். கடைசி இலக்கமான 2, எண் சரியா என்று பார்க்க. மற்ற இலக்கங்களை வலமிருந்து முறையே 1, 2, 3, 4 ஆல் பெருக்கிக் கூட்டினால் 52, அதன் கடைசி இலக்கமும் 2. பொருந்தவில்லையென்றால் எண் தவறு. 8ஆம் பிரிவு ‘தகுந்த கையுறை’ என்று மட்டும் சொன்னால் விடக்கூடாது, எந்தப் பொருளால் ஆனது என்று கேட்க வேண்டும். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையை இந்தத் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். எதோடு சேரக்கூடாது என்பது 10இல், முதலுதவி 4இல். இத்தனையும் பார்த்துவிட்டு, டின்னிலிருந்து லேபிள் ஒட்டாத கேனுக்கு ஊற்றினால் எல்லாம் வீண்.

முதலில் மணலி, ராணிப்பேட்டை, கடலூர் சிப்காட் பக்கம் தரக்கட்டுப்பாட்டு லேபிலோ உற்பத்தியிலோ வேலை. தொடக்கச் சம்பளம் குறைவுதான். தொழிற்சாலையில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அலுவலர் ஆக, பொறியாளரைவிட வேதியியல் பட்டதாரிக்குக் கூடுதல் ஆண்டுகள் மேற்பார்வை அனுபவம் கேட்கிறார்கள். அதன்பின் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அது ஓராண்டுப் படிப்பு.

‘ஃபயர் அண்ட் சேஃப்டி, ஆறே மாதம், வேலை உறுதி’ என்ற போர்டுகளை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எந்த நிறுவனமானாலும், அதன் சான்றிதழைப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு ஏற்பார்களா என்று தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு கட்டணம் பேசுங்கள்.