விமானத்திலிருந்து விறகுக் கணக்கு

கேள்வி: பின்லாந்தில் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஒரு வட்டாரத்துக் காடுகளில் எரிபொருளுக்கு எவ்வளவு மரம் தேறும் என்று கணக்கிடுகிறார்களாமே? வெட்டாமல், எடை போடாமல் எப்படி முடியும்? அந்தக் கணக்கில் வருவதையெல்லாம் எரித்துவிடலாமா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: லேசர் மரத்தின் எடையை அளப்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறது. ஒளித்துடிப்பு கீழே பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். ஒரு நானோ வினாடி வித்தியாசம் என்றால் 15 சென்டிமீட்டர் தூரம். துடிப்பின் ஒரு பகுதி மர உச்சியிலேயே திரும்பிவிடும். மிச்சம் கிளை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொடும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் உயரம்.

உயரம் எடையாக மாறுவது தரையில்தான். வனவியல் மாணவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொசுக்கடிக்கு நடுவே ஆட்கள் காட்டுக்குள் போகிறார்கள். பெரும்பாலும் 9 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போட்டு, அதிலுள்ள மரங்களின் இனம், உயரம், 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அந்த அளவுகளிலிருந்து மரத்தின் எடையைக் கணக்கிட்டு, அதே வட்டத்துக்குள் விழுந்த லேசர் புள்ளிகளோடு ஒப்பிட்டுச் சமன்பாடு அமைக்கிறார்கள். பிறகு காடு முழுவதையும் 16 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்குச் சதுரம் அந்தச் சமன்பாட்டைப் போடுகிறார்கள். வட்டத்தின் பரப்பு 254 சதுர மீட்டர், சதுரத்தின் பரப்பு 256. அதனால்தான் ஒன்றில் கண்டது மற்றதற்குப் பொருந்துகிறது. இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் நார்வேயின் எரிக் நேசெட்.

சிக்கல் மர இனத்தில் இருக்கிறது. பைன், ஸ்ப்ரூஸ் இரண்டும் ஊசியிலை மரங்கள்; ஒரே உயரத்தில் நின்றால் லேசரால் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆனால் ஸ்ப்ரூஸில் கிளை மிக அதிகம், எரிபொருளுக்குப் போவதோ பெரும்பாலும் கிளைதான். ஆகவே அகச்சிவப்பு வான்படங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நெருங்கி வளர்ந்த இளங்காட்டில் மரங்களின் எண்ணிக்கையும் தவறிப் போகிறது.

எல்லாவற்றையும் எரிக்கக் கூடாது. நல்ல அடிமரம் அறுவை ஆலைக்கும் காகித ஆலைக்கும் போய்விடும். சில்லாக்கி எரிப்பதற்கு மிஞ்சுவது கிளை, நுனி, நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டி எடுக்கும் மெல்லிய மரங்கள். அறுவடை மிச்சத்திலும் ஏறத்தாழ 30 சதவீதத்தை அங்கேயே விட்டுவிடச் சொல்கின்றன அந்நாட்டு வழிகாட்டுதல்கள். ஊசியிலைகளில் உள்ள சத்து மண்ணுக்குத் திரும்ப வேண்டும். அதை வாரிக்கொண்டு வருவது அடுத்த தலைமுறைக் காட்டின் உணவைப் பறிப்பது என்றே நான் சொல்வேன்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை நெடுந்தூரம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது. பின்லாந்து தன் முதல் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பை 1921-லேயே தொடங்கிவிட்டது. ஒரு மாகாணத்தில் மொத்தம் எவ்வளவு மரம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் மரத்தை எரித்து ஊருக்கே வெந்நீர் அனுப்பும் ஒரு வெப்ப நிலையத்துக்கு அந்த மொத்தக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. எந்தச் சாலையோரம், எந்தச் சரிவில் என்று தெரிய வேண்டும். லேசர் தரும் பதில் அதுதான்.

அந்நாட்டு நில அளவைத் துறை லேசர் புள்ளித் தரவுகளை 2012 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. ஒரு சிறு பகுதியைப் பதிவிறக்கி, கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, மரம் மரமாகச் சுற்றிப் பாருங்கள்.