குளத்து நீர் சொல்லும் சாட்சி: சூழல் டிஎன்ஏ குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள், வலை போட்டவர்களோ இல்லை என்கிறார்கள். தண்ணீரைச் சோதித்தே இதை அறிய முடியுமா? (பூதப்பாண்டி)

பதில்: முடியும். மீனின் உடற்சளியிலிருந்தும் கழிவிலிருந்தும் உதிரும் செல்கள் நீரில் கலந்திருக்கும். இப்படிச் சூழலில் உதிர்ந்து கிடக்கும் மரபுப்பொருளே 'சூழல் டிஎன்ஏ'. ஒன்றிரண்டு லிட்டர் நீரை நுண்துளை வடிதாளில் வடித்து, தாளில் தங்கிய டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அந்த இனத்துக்கே உரிய துண்டை பிசிஆர் (டிஎன்ஏவைப் பல நகல்களாக்கும்) முறையில் பெருக்கிப் பார்ப்பார்கள். பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்க எருதுத் தவளை ஊடுருவியிருப்பதை இவ்வாறு நீரைக் கொண்டே கண்டறிந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. வலையில் சிக்காத அளவுக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே தடயம் கிடைக்கக்கூடும் என்பதுதான் இம்முறையின் பெரும் பலம்.

ஆனால் கெளுத்தி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாகத் தேடப்படுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டிஎன்ஏ. அது தாய்வழியில் மட்டுமே வருவது. நாட்டுக் கெளுத்தித் தாய்க்கும் ஆப்பிரிக்கத் தந்தைக்கும் பிறந்த கலப்பினக் குஞ்சுகள் குளத்தில் விடப்பட்டிருந்தால், சோதனை 'நாட்டு மீன்' என்றே சொல்லும். எனவே கலப்பினச் சந்தேகம் இருந்தால், பிடிபடும் மீனின் துடுப்புத் துண்டு ஒன்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் பார்க்கும்படி ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 'இல்லை' என்று வரும் முடிவையும் ஒரே பாட்டிலை வைத்து நம்பிவிட வேண்டாம். மடை, கரையோரம், ஆழமான பகுதி எனப் பல இடங்களில் நீர் எடுப்பது அவசியம்.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்கள் ஒரு குளத்து நீரைச் சோதித்தபோது பட்டியலில் சாளை மீன் வந்தது. ஆய்வகம் தவறு செய்ததா? (நாகர்கோவில்)

பதில்: ஆய்வகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், குளத்துக்கு வரும் சானலின் கரையோரம் ஒரு நடை நடந்து பாருங்கள். மீன் வெட்டிக் கழுவிய தண்ணீர் ஓடையில் விழுந்தாலே போதும், கடல்மீனின் டிஎன்ஏ குளத்துக்கு வந்து சேரும். சாளையைத் தின்ற பறவையின் எச்சமும் அதைக் கொண்டுவரலாம். தேரூர், வேம்பனூர் போன்ற நம் நீர்நிலைகளில் (இவை இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை) பறவைகளுக்குக் குறைவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். டிஎன்ஏ, உயிருள்ள மீனிலிருந்து வந்ததா செத்த மீனிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே மீன் கழுவும் இடத்துக்கு மேலும் கீழும் தனித்தனியாக நீர் எடுத்து ஒப்பிடுவதே சரியான வழி.

கேள்வி: எத்தனை மீன்கள் இருக்கின்றன என்று தெரியுமா? (குலசேகரம்)

பதில்: தெரியாது. டிஎன்ஏவின் அளவு ஓரளவு குறிப்புத் தரலாம், அவ்வளவே. வயதும் பாலினமும்கூட இதில் வராது.

கேள்வி: பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காட்டோடைகளில் யானை நடமாட்டத்தை, கேமரா இல்லாமல் நீரைக் கொண்டே கண்காணிக்கலாமா? (கடையாலுமூடு)

பதில்: ஓரளவுக்குத்தான். நீர் அருந்தும் விலங்கின் உமிழ்நீரும் சாணமும் தடயம் விடும் என்பது உண்மை. ஆனால் ஓடும் நீர் டிஎன்ஏவைக் கீழே இழுத்துச் செல்லும். நம் மலைகளில் இரண்டு பருவமழைகளும் பெய்வதால், சரிவில் கிடக்கும் சாணத்தைக் கழுவிக் கொண்டுவரும் மழையும் அதிகம். இன்ன இடத்தில், இன்ன இரவில் யானை வந்தது என்று தோட்டத் தொழிலாளர்களை எச்சரிக்க இது உதவாது. அதற்குக் கேமராவும் வனத்துறைக் காவலர்களின் கண்ணும்தான் வேண்டும். ஓர் ஓடைப்படுகையில் எந்தெந்த விலங்குகள் உள்ளன என்ற முதற்கட்டப் பட்டியலுக்கு இது நல்ல கருவி. காற்றிலிருந்தே விலங்குகளின் டிஎன்ஏவைப் பிடிக்க முடியும் என்று டென்மார்க், இங்கிலாந்து உயிரியல் பூங்காக்களில் நடந்த ஆய்வுகள் 2022-இல் காட்டின. ஆனாலும் அடர்காட்டில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வர நாளாகும்.

கேள்வி: நீரை நாங்களே சேகரித்து அனுப்பலாமா? (திருவட்டாறு)

பதில்: தாராளமாக. குளத்தில் இறங்கிக் கலக்காமல், புதிய கையுறை அணிந்து, கரையிலிருந்தே எடுங்கள். முந்தைய நாள் வேறொரு குளத்தில் நனைந்த செருப்பும் வாளியும் பொய்த்தடயத்தைக் கொண்டுவரும் என்பதால், அவற்றை பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து நன்கு அலச வேண்டும். காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றையும் அதே இடத்தில் திறந்து மூடி, மற்ற பாட்டில்களோடு சேர்த்து அனுப்புங்கள். அதில் மீன் டிஎன்ஏ தெரிந்தால் மற்ற முடிவுகளும் சந்தேகத்துக்குரியவை. வெயிலிலும் சூட்டிலும் டிஎன்ஏ விரைவாகச் சிதையும்; எனவே பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே வடித்துவிட வேண்டும். மழைக்காலச் செந்நீர் வடிதாளைச் சட்டென அடைத்துவிடும் என்பதால், சேறு படியும் வரை காத்திருந்து எடுப்பது நல்லது.